கண்டம்

தண்ணியில் கண்டம் என்று
எனக்கு எவரும் எழுதி வைக்கவில்லை.
எங்களுக்கு ஜாதகம் கிடையாது,
ஞானஸ்நானச் சீட்டுதான்.
ஆனாலும் கண்டம் என்ற சொல்லை
இந்த ஜூனில்தான் வாயில் போட்டு மென்று பார்த்தேன்.
ஆசியா.
நம்ம கண்டமாக்கும்.
கொரியாவிலும் ஜப்பானிலும் பந்து உருளுகிறது,
வள்ளவிளையில் எனக்குக் கால் தரிக்கவில்லை.

கொரியா எந்தப் பக்கம் என்று ஷைனி கேட்டாள்.
கடலைக் காட்டினேன்.
ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது,
அது எங்கள் முதுகுக்குப் பின்னால்,
மலையெல்லாம் தாண்டி.
இருக்கட்டும்.
முதுகில் கை வைத்தாலும் நம்ம ஆள்தானே.

முந்தைய உலகக் கோப்பைகளை
நான் காதால் பார்த்தவள்.
நடுச்சாமத்தில் கிளப்பில் டிவி ஓடும்.
ஆண்பிள்ளைகளுக்கு மணல்,
பெண்பிள்ளைகளுக்குப் பாய்.
சாத்திய கதவுக்குள் கிடந்து
கூச்சலின் நீளத்தை அளப்பேன்.
சட்டென்று அறுந்தால் கம்பத்தில் பட்டது.
முனகலாய்ச் சரிந்தால் ஆஃப்சைடு.
வெடி வெடித்தால் பிரேசில்.
வெடிக்குப் பதில் அடிதடி கேட்டால்
அர்ஜென்டினாக்காரர்கள் தோற்றிருக்கிறார்கள்.
விடிந்ததும் அண்ணன் ஜெரால்டிடம் போய்
‘மூணுக்கு ஒண்ணு, சரிதானே?’ என்பேன்.
பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு
பேயைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

இந்தத் தடவை பூமி
கொஞ்சம் எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது.
பன்னிரண்டுக்கு ஓர் ஆட்டம், ரெண்டரைக்கு ஒன்று, அஞ்சுக்கு ஒன்று.
மரச்சீனி அடுப்பில் வேகும்போதே முதல் பாதி முடிந்துவிடும்.
இறால் கம்பெனியிலிருந்து ஓடி வந்து
விரல் நாற்றம் போகுமுன் அஞ்சு மணி விசில்.
விளக்கு வைத்தபின் வெளியே போகாதே என்றுதானே
சொல்லி வளர்த்தார்கள்.
ஜப்பானில் விளக்கு வைக்கும்போது
எங்கள் தெருவில் வெயில்.
அப்பாவிடம் இதற்குப் பதில் இல்லை.
இருமிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை, கொரியாவும் இத்தாலியும்.
எடவப்பாதி கடலைத் தூக்கி ரோட்டில் போட்டிருந்தது.
நீரோடி வரைக்கும் கரண்டு இல்லை.
வள்ளத்து பேட்டரியை நானும் ஷைனியும்
சாக்கில் கட்டிச் சுமந்து வந்தோம்.
பதினாலு இஞ்ச் கறுப்பு வெள்ளை.
ரெண்டு அணியும் சாம்பல்.
ஓடுகிற ஓட்டத்தை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்,
முன்னால் ஓடுகிறவன் நம்மவன்.

மெற்றில்டா அக்கா ஜெபமாலையோடு வந்திருந்தாள்.
‘பாப்பானவர் ஊரை எதிர்த்துக் கைதட்டலாமா பிள்ளே?’
இத்தாலி முதலில் அடித்தபோது
எங்களைப் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மழையில் ஆட்கள்.
கிளப்பு செக்ரட்டரி பெர்க்மான்ஸ்,
அவருக்குப் பின்னால் பதினைந்து தலை.
‘எத்தனை பிள்ளே?’
உள்ளே இடமில்லை, பெண்கள் நிறைந்திருக்கிறோம்.
‘சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடியும்’ என்றேன்.
எத்தனை வருசமாய் இந்த வாக்கியத்தை
எங்கே வைத்திருந்தேனோ.

முடிய ரெண்டு நிமிசம் இருக்கையில்
கொரியா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது.
ஷைனி என் தோளைக் கடித்தாள். இன்னும் தழும்பு இருக்கிறது.
கூடுதல் நேரம்.
ஒரு கோல் விழுந்தால் அத்தோடு தீர்ந்தது.
பேட்டரி இறங்க இறங்கப்
படம் நாலு பக்கமும் சுருங்கியது,
மைதானம் ஒரு தபால் அட்டை,
ஆட்கள் எறும்பு.
உயரமாய் ஒரு பந்து வந்தது,
ஒரு தலை எழும்பியது.

முதலில் அலறியவள் மெற்றில்டா அக்கா.
ஜெபமாலை எங்கே பறந்ததென்று
மறுநாள்தான் தேடினோம்,
அரிசிப் பானைக்குள் கிடந்தது.

அந்த அலறலோடு டிவியும் அணைந்தது.
இருட்டில் நாங்கள் குதித்துக்கொண்டிருக்க
ஜன்னலுக்கு வெளியிலிருந்து
பெர்க்மான்ஸின் குரல், மெதுவாக,
பரீட்சையில் கை தூக்குகிற பையனைப்போல:
‘ரெண்டுக்கு ஒண்ணு. கொரியா. சரிதானே?’

கதவைத் திறந்தேன்.
சரிதான் என்றேன்.
சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆட்டம்.
இந்த பேட்டரியை நீங்களே
சார்ஜுக்குக் கொண்டுபோங்கள், கனம் அதிகம்.